சுத்தமாக ஒப்படைக்கப்பட்டது

போன மாதம் எங்கள் பழைய நர்சிங் ஹோமிலிருந்து இரண்டு நர்ஸ் பெண்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்கள். கையில் ஒரு தாள் வைத்திருந்தார்கள். கைக்குழந்தைக்கு முன்தோல் நீக்கும் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகும் பெற்றோருக்குக் கொடுக்கத் துண்டுப் பிரசுரம் அடிக்கப் போகிறார்களாம். இப்போதெல்லாம் வாயால் சொன்னால் போதாது, அச்சில் இருக்க வேண்டுமாம். நீங்கள்தான் நிறையப் பார்த்தவர், ஒரு தடவை படித்துத் திருத்திக் கொடுங்கள் என்றாள் மூத்தவள். காபி போட்டுக் கொடுத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, பேனாவைத் திறந்து, முதல் வரியையே அடித்தேன்.

முதல் வரி இதுதான்: "காயத்தை எப்போதும் சுத்தமாக வைத்திருக்கவும்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிஸ்டருக்கு ரிட்டயர் ஆனதும் மூளையும் ரிட்டயர் ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அந்த வரியை இருபது வருடத்துக்கு மேல் என் வாயாலேயே சொன்னவள் நான். ஏன் அடித்தேன் என்று சொல்லத் தொடங்குவதற்குள் அவர்களுக்கு டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

நான் கடலூரில் மூன்று வருடம் படித்தேன். ஊசி போடவும், ஹாஸ்டல் சாம்பாரைக் குறை சொல்லாமல் சாப்பிடவும் கற்றுக்கொண்டேன். கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்தேன். கணவருக்கு நிலக்கரிச் சுரங்கத்தில், எங்கள் பேச்சில் மைன்ஸில், பர்மனென்ட் வேலை, டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ். எனக்கு மந்தாரக்குப்பத்தில் பத்துப் படுக்கை நர்சிங் ஹோமில் வேலை. படிப்பைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

எங்கள் டாக்டர் சர்ஜன். கோபம் வந்தால் அவர் குரல் உயராது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். ஒரு பக்கம் மட்டும் துடைத்தால் சின்னக் கோபம். இரண்டு பக்கமும் துடைத்தால் அன்றைக்கு யாரும் டீ குடிக்கக்கூட வெளியே போக மாட்டோம். இன்னொரு பழக்கம், திரும்பி வரும் பெற்றோரிடம் "நல்லா இருக்கா?" என்று கேட்கவே மாட்டார். அப்படிக் கேட்டால் எல்லோரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள் என்பார். "நேத்து காலையிலருந்து என்ன செஞ்சீங்க? வரிசையா சொல்லுங்க" என்பார். போலீஸ் ஸ்டேஷனில் கேட்பதுபோல இருக்கிறதே என்று நான் முதலில் நினைத்தது உண்டு.

இந்த ஆபரேஷனுக்கு வருபவர்களில் பாதிப் பேர் மந்தாரக்குப்பத்து முஸ்லிம் குடும்பங்கள். அவர்களுக்கு நாங்கள் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூத்த பிள்ளைக்குப் பார்த்திருப்பார்கள், சித்தப்பா பிள்ளைக்குப் பார்த்திருப்பார்கள். இனிப்போடு வந்து இனிப்போடு போவார்கள். மீதிப் பேர், குழந்தைக்குத் திரும்பத் திரும்ப சிறுநீரில் கிருமி வந்து, சிறுநீரகத்தைக் காப்பாற்ற இதைச் செய்யச் சொன்னதால் வருபவர்கள். இவர்கள் பின்வாசல் வழியாக வருவார்கள். ஒருவர் லீவு லெட்டரில் குழந்தைக்குக் காது குத்து என்று எழுதிவிட்டு, ஆபீசில் எல்லோரும் விருந்து எப்போது என்று கேட்க, வேறு வழியில்லாமல் நிஜமாகவே காது குத்திப் பந்தி போட்டார்.

முறை எல்லோருக்கும் ஒன்றுதான். முதலில் டாக்டர் சிறுநீர்த் துவாரம் முனையில் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். கீழ்ப்பக்கமாக இருந்தால் கத்தியைத் தொடவே மாட்டார், பின்னால் அதைச் சரிசெய்ய அந்தத் தோல் வேண்டும். அடுத்து, குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் நிற்காமல் போனதுண்டா என்று கேட்பார். இதற்கு ஒருவர் தன் மாமனார் மொபெட்டிலிருந்து விழுந்த கதையை அரைமணி நேரம் சொன்னார். டாக்டர் முழுக்கக் கேட்டார். கடைசியில் அந்த மாமனாருக்குப் பல் பிடுங்கியபோது மூன்று நாள் ரத்தம் நிற்கவில்லை என்று வந்தது. ஆபரேஷனைத் தள்ளிவைத்து ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினோம். அன்றிலிருந்து எந்த மாமனார் கதையையும் நான் இடையில் வெட்டியதில்லை.

பிறகு மரத்துப்போக ஊசி. ஊசி போட்ட பின் டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார், முழுதாக ஐந்து நிமிடம். குழந்தை அழாவிட்டாலும் நிற்பார். நான் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த துணியைக் குழந்தையின் வாயில் வைத்திருப்பேன். வேலை முடிந்ததும் வாசலின் தடவிய மெல்லிய துணியைச் சுற்றுவோம். ரத்தம் கசிகிறதா என்று பார்த்து, முடிந்தால் ஒருதடவை சிறுநீர் போவதையும் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவோம். எந்தக் குழந்தையும் நாம் காத்திருக்கும்போது போகாது. டாக்டர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போடக் குனியும்போது போகும்.

சில குழந்தைகளுக்குப் பிளாஸ்டிக் வளையம் வைத்து அனுப்புவோம். ஒரு வாரம் பத்து நாளில் அது தானாக விழும், இழுக்கக் கூடாது. மைன்ஸில் வேலை பார்க்கும் ஒருவர் விழுந்த வளையத்தை ஒரு கவரில் போட்டு, மேலே குழந்தையின் பெயரும் விழுந்த தேதியும் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார். எதற்கு என்றேன். ஸ்டோர்ஸில் பழைய பாகத்தைத் திருப்பித் தராவிட்டால் கணக்கு முடியாதே, நாளைக்கு இரண்டாவது பிள்ளைக்கு வளையம் இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்றார். வாங்கி வைத்துக்கொண்டு, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அன்றைக்குச் சிரித்தேன். இந்த ஊர்க்காரர்கள் எதையும் ஒழுங்காகச் செய்வார்கள், சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள் என்பதை அப்போதே நான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

ஏழுமலை வந்தது அதற்கு அடுத்த வருடம், 2014-ஆக இருக்கும். கம்மாபுரம் பக்கத்து ஊர்க்காரர். காடு கழனியில் கூலி வேலை பார்த்த குடும்பம். அவர் கன்வேயர் பெல்ட்டில் கான்ட்ராக்டாகச் சேர்ந்து, பர்மனென்ட் ஆகி, போர்மேன் ஆகி, அந்த நேரத்தில் ரிட்டயர் ஆகி எட்டு மாதம் ஆகியிருந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டில் இருந்தார். மகன் சக்திவேல் மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. மருமகள் தனம். தனத்தின் தம்பி குமார் வாரிசு வேலையில் பர்மனென்ட், இவர்களோடுதான் தங்கியிருந்தான். தனத்துக்கு அம்மா இல்லை, மாமியாரும் இல்லை. வீட்டில் அவள் ஒருத்திதான் பெண்.

தனத்தின் முதல் பிள்ளைக்கு அப்போது இரண்டு மாதம். அதற்குள் இரண்டு முறை காய்ச்சல், இரண்டு முறையும் சிறுநீரில் கிருமி. பாண்டிச்சேரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், ஒரு பக்கச் சிறுநீரகம் ஏற்கெனவே கொஞ்சம் வீங்கியிருக்கிறது, இன்னொரு காய்ச்சல் வரவிடக் கூடாது, முன்தோலை எடுத்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்திருந்தார். அந்தச் சீட்டை ஏழுமலை பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார்.

ஆபரேஷன் எந்தத் தொல்லையும் இல்லாமல் முடிந்தது. அனுப்பும்போது நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். ஆண்கள் மூவரும் என் முன்னால் வரிசையாக நின்றார்கள். தனம் பின்னால் பெஞ்சில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏழுமலை ஒரு டைரியைத் திறந்து எழுதத் தயாரானார். என் முன்னால் பேனாவோடு நிற்பவரைப் பார்த்தால் எனக்கு ஒரு மிதப்பு வந்துவிடும். அவரைப் பார்த்தே பேசினேன். டயப்பரை இறுக்கிக் கட்டாதீர்கள், ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் வாசலின் தாராளமாகத் தடவுங்கள், பவுடர் வேண்டாம், மஞ்சள் வேண்டாம், எண்ணெய் வேண்டாம். சொட்டு ரத்தம் துணியில் பட்டால் பயப்பட வேண்டாம், நிற்காமல் வந்தால் சுத்தமான துணியால் லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓடி வாருங்கள். எட்டு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, சிவப்பு பரவினாலோ, கெட்ட நாற்றம் வந்தாலோ உடனே வாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, சுத்தமாக வைத்திருங்கள்.

ஏழுமலை பேனாவை நிறுத்தினார். "சுத்தம்னா எந்த அளவுக்குங்க சிஸ்டர்?"

"எவ்வளவு சுத்தமோ அவ்வளவு நல்லது" என்றேன்.

பெஞ்சிலிருந்து தனம் "சிஸ்டர், அது வந்து..." என்று ஆரம்பித்தாள். ஏழுமலை திரும்பாமலே, "நீ புள்ளயப் பாரும்மா, நான் எழுதிக்கினு இருக்கேன்ல" என்றார். நானும் அவள் பக்கம் திரும்பவில்லை. அடுத்த கேஸ் காத்திருந்தது.

ஒரு வாரம் கழித்து வரச் சொல்லியிருந்தோம். நான்காம் நாள் காலையிலேயே நால்வரும் பிள்ளையோடு வந்து நின்றார்கள். பிள்ளை நடுராத்திரியிலிருந்து சிறுநீர் போகவில்லை. உடம்பு லேசாகச் சுட்டது. துணியைப் பிரிக்க நான் கையை நீட்டியதுமே காலை இழுத்துக்கொண்டு வீறிட்டது. பிரித்துப் பார்த்தேன். முதல் நாள் இருந்ததைவிடப் பச்சைப் புண்ணாக இருந்தது, அங்கங்கே ரத்தம் பொடித்திருந்தது. அந்தச் சிறுநீரகத்தைப் பற்றித்தான் நினைத்தேன்.

டாக்டர் வந்து பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். "நேத்து காலையிலருந்து என்ன செஞ்சீங்க? வரிசையா சொல்லுங்க."

ஏழுமலைக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துவிட்டது. ரிட்டயர் ஆன அந்த எட்டு மாதத்தில் அவரிடம் இப்படி முறையாகக் கேட்டவர் யாரும் இல்லை. நீளமான ரிஜிஸ்டர் நோட்டை எடுத்து மேஜைமேல் விரித்தார். உள்ளே ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட கட்டங்கள். தேதி, நேரம், சிறுநீர், சைட் நிலை, செய்த வேலை, ஒப்படைத்தவர், ஏற்றவர். பிள்ளையின் காயத்துக்குத்தான் சைட் என்று பெயர். ஆம்பிளைப் பிள்ளை சமாச்சாரம், ஆம்பிளைகள் பார்த்துக்கொள்கிறோம் என்று தனத்தைப் பால் கொடுப்பதற்கு மட்டும் விட்டுவிட்டு, மூவரும் ஷிப்ட் போட்டிருக்கிறார்கள். காலை ஷிப்ட் ஏழுமலை, மதியம் சக்திவேல், நைட் குமார். வேலை நேரம் மாறும்போது தங்களுக்குள் ஷிப்டும் மாற்றிக்கொண்டார்கள், அதற்கும் தனியாகக் கடிதம் எழுதி நோட்டில் ஒட்டியிருந்தது.

ஏழுமலை நின்றுகொண்டு வாசித்தார். "காலை ஆறு பத்து. சைட்டில் மஞ்சள் படிவு காணப்பட்டது. வெந்நீர், பஞ்சு கொண்டு முழுமையாக நீக்கப்பட்டது. சுத்தமாக ஒப்படைக்கப்பட்டது." பக்கத்தைத் திருப்பினார். மதியம் இரண்டு மணி, மஞ்சள் படிவு மீண்டும் காணப்பட்டது, நீக்கப்பட்டது, சுத்தமாக ஒப்படைக்கப்பட்டது. நைட் ஷிப்டும் அதேதான். இரண்டாம் நாளிலிருந்து அன்று காலைவரை ஏழு முறை.

கன்வேயர் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மழைக்காலத்தில் பெல்ட்டுக்கு அடியில் உருளைகளில் சேறு அப்பிக்கொள்ளும். அதைச் சுரண்டிச் சுத்தம் செய்யாமல் அடுத்த ஷிப்டுக்கு ஒப்படைக்கக் கூடாது. ஒட்டியிருந்தால் வருகிறவன் சார்ஜ் எடுக்க மாட்டான். என் கணவரும் அந்த வேலைதான், எனக்கு அது நன்றாகவே தெரியும். இந்தக் காயத்தின்மேல் இரண்டாம் மூன்றாம் நாள் மஞ்சளாகப் படிவது சீழ் இல்லை. உள்ளே புதுத்தோல் வளர, மேலே உடம்பே போட்டுக்கொள்ளும் மூடி. ஒரு வாரம் பத்து நாளில் தானாகப் போகும். இதுவும் எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டும் தெரிந்த நான், அந்த மஞ்சளைத் தொடாதீர்கள் என்ற ஒன்றை இவர்களிடம் சொல்லவில்லை.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு பக்கம் துடைத்தார். அதற்குள் குமார், தான் ஒப்படைத்தபோது சைட் பளிச்சென்று இருந்தது, மஞ்சள் படிந்தது சக்திவேல் மாமா ஷிப்டில்தான் என்றான். சக்திவேல், தான் சார்ஜ் எடுக்கும்போதே லேசாக இருந்தது, பர்மனென்ட்காரன் ஷிப்டில் வருவதெல்லாம் கான்ட்ராக்ட்காரன் தலையில்தான் விழும் என்றான். பிள்ளை அழுகிறது, இரண்டு பேரும் எந்த ஷிப்டில் படிந்தது என்று நோட்டைப் புரட்டிச் சண்டை போடுகிறார்கள். டாக்டர் இரண்டாவது பக்கத்தையும் துடைத்தார்.

பிறகு அது என்ன படிவு என்று நிதானமாக எடுத்துச் சொன்னார். ஏழுமலை நோட்டை மூடினார்.

"அப்ப மூணு ஷிப்டும் நாங்க புதுத்தோலத்தான் பிச்சிக்கினு இருந்தமாங்க?" என்றார். அவர் கண் கலங்கிவிட்டது.

டாக்டர் என்னைப் பார்த்தார். "சிஸ்டர், இவங்க தப்பு பண்ணல. நீங்க சொன்னத ஒழுங்கா செஞ்சிருக்காங்க."

அதற்குப் பதில் அவர் என்னைத் திட்டியிருக்கலாம். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது, மருந்து எடுப்பதுபோல உள்ளறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

சிறுநீர் போனால்தான் எதுவும் சொல்ல முடியும். எரிச்சலுக்குப் பயந்து பிள்ளை அடக்குகிறதா, உள்ளே அடைத்திருக்கிறதா, மறுபடி கிருமியா என்று தெரிய வேண்டும். வாசலினைக் கெட்டியாகத் தடவி, தனத்தின் மடியில் போட்டு, பால் கொடுக்கச் சொன்னேன். இடுப்புக்குக் கீழே வெதுவெதுப்பான தண்ணீரை மெல்ல ஊற்றினேன். இரண்டரை மணி நேரம். மூன்று ஆண்பிள்ளைகளும் ஒரு சர்ஜனும் ஒரு நர்ஸும் அந்தச் சின்ன இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். யாராவது தும்மினால்கூட மற்றவர்கள் முறைத்தார்கள். கடைசியில் தனம், "எல்லாரும் அந்தாண்ட போங்க, நீங்க பாத்துக்கினு நின்னா அவன் எப்படிப் போவான்" என்றாள். டாக்டர்தான் முதலில் வெளியே போனார். நாங்களும் போனோம். இரண்டு நிமிடத்தில் தனம் சிரிக்கும் சத்தம் கேட்டது.

நான் வைத்துவிட்டுப் போன கிண்ணத்தில் பாதியைப் பிடித்திருந்தாள். மீதி அவள் சேலையில். பரிசோதித்ததில் கிருமி இல்லை. சாயங்காலம் சூடும் தணிந்தது. ஏழுமலை நோட்டைத் திறந்து நேரம் எழுதினார்.

அனுப்பும்போது டாக்டர் புது ஏற்பாடு செய்தார். பிள்ளைக்குத் தனம்தான் இன்சார்ஜ். அவள் ஒருத்திதான் தொடலாம், அதுவும் வாசலின் தடவ மட்டும். அழுக்குப் பட்டால் வெறும் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றலாம், தேய்க்கக் கூடாது. மற்ற மூவரும் ஷிப்ட் பார்ப்பதென்றால் பார்க்கலாம், கை படக் கூடாது. ஏழுமலைக்கு ஒரு சந்தேகம். செய்த வேலை என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

"வேலை எதுவும் செய்யவில்லைன்னு எழுதுங்க."

ஏழுமலை பேனாவை மூடினார். "முப்பத்திரண்டு வருசத்துல ஒரு நாள்கூட நான் அப்பிடி எழுதிக் கையெழுத்துப் போட்டதில்லீங்க ஐயா" என்றார்.

"இதுதான் நீங்க பாக்கப்போற பெரிய வேலை" என்றார் டாக்டர்.

அதிலிருந்து ஆறாம் நாள் வந்தார்கள். தொட்டிலில் கட்டியிருந்த சிவப்பு அட்டையையும் குமார் கொண்டுவந்து காட்டினான். மைன்ஸில் சுவிட்சில் மாட்டுவார்களே, ஆள் வேலை செய்கிறார், தொடாதே என்று, அது. நோட்டில் பக்கம் பக்கமாக அதே வரி. முதல் நாள் ஏழுமலையின் எழுத்தில், "மஞ்சள் படிவு காணப்பட்டது. வேலை எதுவும் செய்யவில்லை. கை பரபரத்தது." அடுத்த நாள், "வேலை எதுவும் செய்யவில்லை. தெருவில் இரண்டு ரவுண்டு நடந்தேன்." மூன்றாம் நாளிலிருந்து வேலை எதுவும் செய்யவில்லை என்பது மட்டும். டாக்டர் காயத்தைப் பார்த்தார். மஞ்சள் முக்கால்வாசி தானாகப் போயிருந்தது, அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல். பிள்ளை காலை உதறிக்கொண்டு கிடந்தது. டாக்டர் பேனாவை வாங்கி, ஏற்றவர் என்ற கட்டத்தில் தானே கையெழுத்துப் போட்டார். ஏழுமலை அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் கிளம்பும்போது தனத்தை மட்டும் நிறுத்தினேன். அன்றைக்கு ஏதோ கேட்க வந்தாயே, என்ன அது என்றேன். அவள் மறந்திருப்பாள் என்று நினைத்தேன்.

"ஒண்ணுமில்ல சிஸ்டர். புண்ணு ஆறும்போது மேல பாலாட மாதிரி கட்டுமே, அத எடுக்கணுமா, அப்பிடியே வுட்டுடணுமான்னு கேக்க வந்தேன்" என்றாள்.

பிள்ளையின் காலைத் தொட்டுக்கொண்டு நின்றேன்.

அந்த இரண்டு நர்ஸ் பெண்களும் திருத்திய தாளை வாங்கிப்போக முந்தாநாள் மறுபடி வந்தார்கள். அடித்த வரிக்குப் பதிலாக, மஞ்சளாகப் படிவதைத் தொடாதீர்கள் என்று எழுதியிருந்தேன். மற்றதெல்லாம் அப்படியே இருக்கலாம். கீழே மட்டும் ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் போட்டிருந்தேன். தலைப்பு "அம்மா கேட்டது". அதற்குக் கீழே கேட்டவர் கையெழுத்து, பதில் சொன்னவர் கையெழுத்து. இளையவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அவங்க எதுவும் கேக்கலன்னா என்ன பண்றது சிஸ்டர்?"

"முன்னால நிக்கிறவங்கள நவுரச் சொல்லிட்டு, பெஞ்சுல போய் அவ பக்கத்துல உக்காரு" என்றேன். "கட்டம் நிறையிற வரைக்கும் எழுந்திரிக்காத."